மாதேஸ்வரி ஓடிப்போகவில்லை

ஓசூர் சிப்காட்டில் மன்னிப்புக் கடிதம் எழுதாத தொழிலாளி கிடையாது. கேன்டீனில் வரிசை மாறி நின்றதற்கு எழுதியவர்கள் உண்டு. கழிவறையில் கூடுதல் நேரம் இருந்ததற்கு, தலைத்தொப்பியைக் கழற்றிச் சொறிந்ததற்கு, கம்பெனி பஸ்ஸில் சத்தமாகச் சிரித்ததற்கு எழுதியவர்கள் உண்டு. 'இனி இதுபோல் நடக்காது என உறுதி கூறுகிறேன்' என்ற கடைசி வரியைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மாதேஸ்வரியும் எழுதியிருக்கிறாள். ஒருமுறை பக்கத்து மெஷினில் புகை வந்தபோது ஓடிப்போய் அதை நிறுத்தினாள். அது அவளுடைய மெஷின் இல்லை என்பதால் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். அப்போது கோபம்கூட வரவில்லை. சொல்லச் சொல்ல எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, லைனுக்குத் திரும்பிவிட்டாள்.

இந்த முறை பேனாவைத் தொடவில்லை.

"எழுதும்மா," என்றார் மேனேஜர் தினேஷ்குமார். "நான் சொல்றேன், நீ எழுது. 'இத்தாலியில் பயிற்சிக்குச் சென்றிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை அன்று, யாரிடமும் சொல்லாமல்...'"

"சொல்லிட்டுத்தான் சார் போனேன்."

"குரூப்ல மெசேஜ் போட்டா அது சொன்னதா? சரி, 'அனுமதி இல்லாமல்'னு போட்டுக்க. 'என்னுடைய பாஸ்போர்ட்டை அறையில் மறந்து வைத்துவிட்டு வெளியே சென்றேன்...'"

"மறக்கல சார். பாஸ்போர்ட் உங்ககிட்ட இருந்துச்சு."

தினேஷ்குமார் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதோ பாரு மாதேஸ்வரி. மெஷின் விக்கறவன் மெயில் போட்டுக் கேட்டிருக்கான், உங்க ஆளுங்க பாஸ்போர்ட்டை யாரு வெச்சிருந்ததுன்னு. அந்த ஊர்ல அது பெரிய கேஸாம். நீ நாலு வரி எழுதிக் குடுத்தா முடிஞ்சுபோச்சு. புது லைன் உனக்குத்தான். பாஸ்போர்ட்டையும் வாங்கிட்டுப் போ." மேஜை டிராயரை விரலால் தட்டினார். "எழுதலன்னா அது இங்கதான் இருக்கும். அடுத்த விசா வேலைக்குத் தேவைன்னு நான் சொல்லிக்குவேன்."

இத்தாலியிலிருந்து திரும்பிய அன்று, பெங்களூர் ஏர்போர்ட்டில் பெட்டிகள் வருவதற்கு முன்பே அவர் பாஸ்போர்ட்டுக்குக் கையை நீட்டியிருந்தார். அப்போது அவளும் கொடுத்துத் தொலைத்திருந்தாள். அத்தனை நடந்த பிறகும், கேட்டதும் கை தானாக நீண்டது. அதை நினைத்தால்தான் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது.

ஓசூரில் வேலைக்கு வருகிற பெண் பிள்ளைகளுக்கு இது பழக்கம். சேருகிற அன்றே பிளஸ் டூ மார்க்ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். விடுதியில் சேர்ந்தால் வார்டன் ஆதாரை வாங்கிக்கொள்வார். யாராவது கேட்டால், "ஒரிஜினல் எல்லாம் ஆபீஸ்ல இருக்குது" என்று ஏதோ பேங்க் லாக்கரில் இருப்பது போலப் பெருமையாகக்கூடச் சொல்வார்கள். மாதேஸ்வரி நாகரசம்பட்டியிலிருந்து வந்தவள். பாகலூர் பக்கம் பசுமைக் குடிலில் ரோஜா வெட்டிக்கொண்டிருந்தாள், பிறகு இந்தக் கம்பெனிக்கு வந்தாள். அவளுடைய ஒரிஜினல் அவள் கையில் இருந்த நாட்கள் குறைவு.

கம்பெனி இத்தாலியிலிருந்து புது மெஷின் வாங்கியபோது, அதை ஓட்டக் கற்றுக்கொள்ள அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். பராமரிப்புப் பிரிவிலிருந்து சவரியப்பன். இரண்டு பேரையும் மேய்க்கத் தினேஷ்குமார். மலையடிவாரத்தில் கூனேயோ என்ற ஊரில் பயிற்சி. முதல் ஞாயிற்றுக்கிழமை தினேஷ்குமார் இருவரையும் ஒரு பெரிய மாலுக்குக் கூட்டிப்போனார். அவர் மனைவிக்குச் சென்ட் வாங்கும்வரை இவர்கள் பைகளோடு நின்றார்கள். சவரியப்பனுக்கு ரோமுக்குப் போய் ஜெபமாலை வாங்க ஆசை. "இத்தாலிக்கு வந்து சர்ச்சுக்குள்ள கால் வைக்காத ஒரே கிறிஸ்துவன் நான்தான் தங்கச்சி," என்று அறையில் ரசம் தாளித்துக்கொண்டே சொன்னார்.

இரண்டாவது ஞாயிறும் மால்தான் என்று தெரிந்தபோது அவளுக்குச் சீ என்று ஆகிவிட்டது. ரயில் நிலையச் சுவரில் ஒரு வரைபடம் பார்த்திருந்தாள். கூனேயோவிலிருந்து ஒரு ரயில் பாதை மலைக்குள் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, நேராகக் கடலில் போய் முடிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தினேஷ்குமாரிடம் பாஸ்போர்ட் கேட்டாள்.

"உனக்கு எதுக்கு அது? லாக்கர்ல பத்திரமா இருக்கு. நாளைக்கு எல்லாரும் ஒண்ணாத்தான் போறோம்."

விடிந்ததும் குரூப்பில் ஒரு மெசேஜ் போட்டாள்: 'சார், நான் மலையும் கடலும் பார்த்துட்டு சாயங்காலம் வந்துடறேன்.' பிறகு கிளம்பிவிட்டாள். இதுதான் அவள் செய்த குற்றம். இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

முதலில் இறங்கியது லிமோனே என்ற மலையூர். வீட்டுக் கூரைகள் எல்லாம் கனத்த கற்பலகை. கிருஷ்ணகிரியில் மலையை அறுத்து அறுத்துக் கப்பலில் ஏற்றுகிறார்கள், இவர்கள் தங்கள் மலையைத் தங்கள் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தாள். சர்ச் முன்னால் இருந்த சின்னச் சதுக்கத்தில், குழாயில் எந்நேரமும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாரும் குடம் வைக்கவில்லை. அவள் கையில் பிடித்துக் குடித்தாள். பல் கூசியது. ஒரு காபி வாங்கினாள். இரண்டு மடக்கில் தீர்ந்துபோகிற சின்னக் கப், கஷாயம் மாதிரி கசந்தது. பெஞ்சில் உட்கார்ந்தாள். நாயோடு போனவர், தடி ஊன்றி மலையேறப் போனவர்கள், யாரும் அவளைப் பார்த்து, யாரு வீட்டுப் பொண்ணு, எந்த டிபார்ட்மென்ட், தனியா இங்க என்ன வேலை என்று கேட்கவில்லை. ஒருவர் தலையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள். அவ்வளவுதான் பேச்சு.

அங்கிருந்து அடுத்த ரயில். மலைக்குள் புகுந்து, உள்ளுக்குள்ளேயே வளைந்து, வேறு எங்கோ வெளியே வந்தது. கீழே ஆறு. வெள்ளம் உருட்டிக்கொண்டு வந்த பாறைகள் அப்படியே கிடந்தன. சுவரில் ஒட்டிய குளவிக்கூடு போல மலைச்சரிவில் ஊர்கள். நடுவில் நிலையப் பலகைகளில் பெயர்களின் ஜாடை மாறியது. ரயில் சிறிது தூரம் பிரான்ஸ் நாட்டுக்குள் போய்விட்டு மறுபடி இத்தாலிக்குள் வருகிறது என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் பயந்திருக்க மாட்டாள். ஓசூர்க்காரிக்கு எல்லை என்றால் அத்திப்பள்ளி. அதைத் தாண்டினால் கடைப் பலகை கன்னடத்துக்கு மாறும். டீக்கடையில் 'அண்ணா' என்பது 'அண்ணா'வாகவே இருக்கும். அதற்காக யாராவது பஸ்ஸை நிறுத்தி யார் நீ என்று கேட்கிறார்களா?

கடல் வென்டிமிலியாவில் வந்தது. மணல் இல்லை, எல்லாம் கூழாங்கல். அலை திரும்பும்போது கற்கள் உருண்டு, ஆயிரம் பேர் மென்று தின்கிற மாதிரி சத்தம் போட்டன. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்தாள். கல் குத்தியது. அப்படியே நின்றாள். அடுத்த ரயிலில் போர்டிகேரா என்ற பக்கத்து ஊருக்குப் போனாள். மேட்டின் மேல் பழைய ஊர், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள், மேலே ஜன்னலுக்கு ஜன்னல் காயப் போட்ட துணிகள். ஒரு கடையில் பெரிய வட்டத் தட்டிலிருந்து மஞ்சளாக எதையோ வெட்டிக் கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது, கடலை மாவு. உப்பும் மிளகும் போட்டு அடுப்பில் சுட்ட கடலை மாவு அடை. இன்னொரு துண்டு வாங்கித் தின்றாள். மலைச்சரிவு முழுக்கக் கண்ணாடிக் குடில்கள். பூ வளர்க்கிறார்கள் என்று கடைக்காரர் கையால் பூப் போலக் காட்டிச் சொன்னார். "ஐ ஆல்சோ," என்றாள் அவள். கத்தரியால் வெட்டுவது போல விரலை ஆட்டினாள். அவர் சிரித்துவிட்டு அவள் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

இதற்கிடையில் தினேஷ்குமார் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். ஒருமுறை எடுத்தாள்.

"எங்க இருக்க?"

"கடல்கிட்ட சார்."

"உடனே திரும்பி வா."

"சாயங்காலம் வந்துடுவேன் சார். ஞாயித்துக்கெழமைதான சார்?"

அவர் கத்தத் தொடங்கியதும் வைத்துவிட்டாள். ஒரு கடல் போட்டோ அனுப்பினாள். நன்றாகத்தான் வந்திருந்தது.

திரும்பும் ரயிலில், நடுவில் வந்த அந்தப் பிரான்ஸ் நிலையத்தில் போலீஸ் ஏறியது. கறுத்த தோல் இருந்தவர்களிடம் மட்டும் நின்று நின்று கேட்டார்கள். அவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமையும் அதை மாட்டிக்கொண்டு போன மடத்தனத்தை என்னவென்று சொல்வது. அது செல்லாது என்று அவர்கள் தலையை ஆட்டினார்கள். போனில் இருந்த ஆதார் போட்டோவைக் காட்டினாள். ஓசூரில் சிம் கார்டிலிருந்து சிலிண்டர் வரை எதற்கும் செல்லுகிற அட்டை அது. இளைய போலீஸ்காரன் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். இறக்கிவிட்டார்கள்.

ஒரு அறை. ஒரு பெண் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினாள். பாஸ்போர்ட் எங்கே?

"மேனேஜர்."

"உன் பாஸ்போர்ட் ஏன் மேனேஜரிடம் இருக்கிறது?"

"சேஃப்டி."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவான ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அறையைப் பூட்டுகிறார்களா? சம்பளம் உன் கையில் வருகிறதா? வெளியே போக அனுமதி கேட்க வேண்டுமா? யாராவது மிரட்டுகிறார்களா? மாதேஸ்வரிக்கு முதலில் அந்தக் கேள்விகள் ஏன் என்றே புரியவில்லை. புரிந்தபோது காது சூடானது. "நோ மேடம், குட் கம்பெனி, குட் மேனேஜர்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தினேஷ்குமாருக்காக அவள் வெட்கப்பட்டாள், அவருக்காகப் பொய் சொன்னாள்.

அதிகாரி தினேஷ்குமாரைப் போனில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஷீ ரன் அவே மேடம்," என்றார் தினேஷ்குமார் எடுத்த எடுப்பில். "ஃப்ரம் மார்னிங் ஷீ ரன் அவே."

கடல் போட்டோ அவர் போனில் இருந்தது. அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அதைத்தான் சொன்னார். பாஸ்போர்ட், விசா பக்கங்களைப் படம் எடுத்து அவர் அனுப்பினார். அந்த விசாவில் பிரான்ஸுக்கும் போகலாம், அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று அதிகாரி சொல்லிவிட்டாள். அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டார்கள். அழைப்புக் கடிதம் கொடுத்த மெஷின் கம்பெனியிடமும் போலீஸ் ஒரு வார்த்தை கேட்டு வைத்தது. மெயில் அங்கிருந்துதான் வந்தது.

போலீஸ் போனை வைத்ததும் தினேஷ்குமார் செய்த முதல் காரியம், ஓசூர் ஆபீஸுக்குச் சொன்னது. ஓசூர் ஆபீஸ் செய்த முதல் காரியம், அவள் அம்மாவுக்குப் போன் போட்டது. நாகரசம்பட்டியில் அப்போது மகளிர் குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அம்மா முனிலட்சுமிக்கு ஒரு காது மந்தம், எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"உங்க பொண்ணு உங்களுக்குப் பேசிச்சாம்மா? அங்க குரூப்ப விட்டு ஓடிப்போயிடுச்சாம்."

குழுவில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஊரில் பெண் பிள்ளை 'ஓடிப்போனாள்' என்றால் அடுத்த கேள்வி ஒன்றுதான். எவன் கூட? இரண்டு நாளில் அதற்கும் பதில் தயாராகிவிட்டது. வெள்ளைக்காரன் கூட என்றார்கள் சிலர். கூடப் போன அந்தக் கிறிஸ்துவன் கூட என்றார்கள் சிலர். போச்சம்பள்ளியில் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டார் போன் எடுப்பதை நிறுத்தினார்கள். அதுகூடப் போகட்டும். மாங்காய் மண்டிக்குக் கூலிக்குப் போன அம்மாவிடம், "பொண்ணு திரும்பி வந்துட்டாளா, இல்ல விட்டுட்டானா?" என்று ஒருத்தி கேட்டாளாம்.

"நீ கடலப் பாக்கத்தான் போனேனு எனக்குத் தெரியும்டி," என்றாள் அம்மா போனில். "நான் யார்கிட்ட போயி சொல்றது? கம்பெனிக்காரனே சொன்னானே, அவன் பொய்யா சொல்லுவான்னு கேக்கறாங்கோ."

அவள் பேனாவைத் தொடாததற்கு இதுதான் காரணம். அனுமதி இல்லாமல் போனேன் என்று மட்டும் எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பாள். பாஸ்போர்ட்டை மறந்தேன் என்று எழுதினால், தவறு செய்த ஒரே ஆள் அவள்தான் என்று ஆகிவிடும். பிறகு ஓடிப்போனாள் என்பதற்கும் அதுவே சாட்சி.

ஓசூரில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த காவேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஏ, ஒரு பேப்பருடி அது! நான் இதுவரைக்கும் எழுதினதச் சேத்தா ரெண்டு கட்டு வரும். புது லைனு, ஏசி ரூமு, கையில எண்ணெ ஒட்டாத வேல. எவளுக்குக் கெடைக்கும்? கையெழுத்தப் போட்டுட்டு வெளிய வந்து காறித் துப்பு."

"துப்பிட்டா அந்த எழுத்து அழிஞ்சிருமா?"

"ஆமா, நீ ஒருத்திதான் மானஸ்தி. நாங்கெல்லாம் மாடு."

சவரியப்பனிடம் போனாள். ஏர்போர்ட்டில் அவருடைய பாஸ்போர்ட்டும் அவள் கண் முன்னால்தான் தினேஷ்குமார் கைக்குப் போனது. அவர் மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டே பேசினார்.

"என்னையும் கூப்பிட்டுக் கேட்டாங்க தங்கச்சி. என் பாஸ்போர்ட் என்கிட்டதான் இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"எப்பிடிண்ணா மனசு வந்துச்சு உங்களுக்கு?"

"மனசு எல்லாம் வரல. ரெண்டு புள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ் வந்துச்சு." வெளியே வரவில்லை அவர். "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ பாத்த கடல நானும் பாத்திருக்கணும். அன்னிக்கு நீ கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேன். இப்பவும் வர மாட்டேன். நான் அப்பிடித்தான்."

அவரைத் திட்ட வந்தவள் திட்டாமல் திரும்பினாள். திட்ட வேண்டிய ஆள் மெஷினுக்கு அடியில் இல்லை.

அடுத்த வாரவிடுப்பில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். ஏட்டு ஒருவர் தட்டில் கொண்டுவந்த வடையைத் தின்றுகொண்டே கேட்டார்.

"பாஸ்போர்ட்டா? தொலைஞ்சிருச்சாம்மா?"

"தொலையல சார். கம்பெனி மேனேஜர் வெச்சிருக்காரு. குடுக்க மாட்டேங்கறாரு."

"ஓ." வடையைக் கீழே வைத்தார். கம்பெனி பெயரைக் கேட்டதும் குரல் இறங்கியது. "இத பாரும்மா, நல்லதுக்குச் சொல்றேன். கம்பெனி மேல கம்ப்ளைன்ட்னா இழுக்கும். தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடு. இன்னிக்கே ரசீது தர்றேன். புது பாஸ்போர்ட் வாங்கிக்க. ஈஸி."

ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வந்தது சிரிப்பு இல்லை.

"அங்க மறந்தேன்னு எழுதச் சொல்றாங்க. இங்க தொலைச்சேன்னு எழுதச் சொல்றீங்க. என்னோடத நான் மறக்கவும் இல்ல, தொலைக்கவும் இல்ல சார். எந்த ரூம்ல, எந்த டிராயர்ல இருக்குதுன்னு சொல்றேன். பிடுங்கி வெச்சிருக்கான்னு எழுத ஒரு தாள் இல்லையா இந்த ஸ்டேஷன்ல?"

குரல் உயர்ந்துவிட்டது. லாக்கப் பக்கம் நின்றவன்கூடத் திரும்பிப் பார்த்தான். ஏட்டு சுற்றும் முற்றும் பார்த்தார்.

"ஏம்மா கத்தற? உக்காரு."

உட்கார்ந்தாள். புகாரைத் தானே எழுதினாள், யாரும் சொல்லித் தராமல். டிராயர், மேஜை, மாடி, மேனேஜர் பெயர், ஏர்போர்ட்டில் வாங்கியது, எல்லாம். கடைசியில் 'இனி இதுபோல் நடக்காது' என்று கை எழுதப் பார்த்தது. நிறுத்திக்கொண்டு, 'மீட்டுத் தரவும்' என்று எழுதினாள். இன்ஸ்பெக்டர் வரட்டும் என்றார்கள். இருந்தாள். நாளைக்கு வா என்றார்கள். இருந்தாள். சாப்பாட்டு நேரம் ஆனது, போனது. பெஞ்சை விட்டு அவள் எழவில்லை. கடைசியில் தொல்லை தாங்காமல் ஏட்டு கம்பெனிக்குப் போன் போட்டார். அந்தம்மா எழுதினதைப் படித்தேன், இது ஃபைலுக்குள் போனால் எனக்கும் வேலை, உங்களுக்கும் வேலை, கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போங்கள் சார் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

தினேஷ்குமாரே வந்தார். வியர்த்திருந்தார். பாஸ்போர்ட்டை ஏட்டின் மேஜை மேல் போட்டார்.

"எடுத்துக்கம்மா. சந்தோஷமா? போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் வர வெச்சுட்ட. அந்த லைன் இனி உனக்குக் கெடையாது, தெரியுமில்ல? பேக்கிங்ல போயி அட்டைப்பெட்டி மடி."

"தெரியும் சார்."

"மேல சொன்னாங்க, வாங்கி வெச்சேன். போன தடவ போன ஒருத்தன் அங்கயே தங்கிட்டான். எவன் பதில் சொல்றது? என் வேலதான் போகும்."

"அதுக்கு என்னை ஓடிப்போனவள்னு சொல்லுவீங்களா?"

அவர் வாசல் பக்கம் திரும்பினார். அவள் பாஸ்போர்ட்டைப் புரட்டி விசா பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள். பிறகு போனை எடுத்து ஒரு எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"எங்கம்மா. ஓடிப்போகலன்னு சொல்லுங்க சார். அன்னிக்குச் சொன்ன மாதிரியே சத்தமா."

"என்னம்மா விளையாடறியா?"

"சொல்லிட்டுப் போங்க சார்," என்றார் ஏட்டு, அந்தப் புகார்த் தாளின் மேல் கையை வைத்தபடி. "எனக்கும் வேலை முடியும்."

தினேஷ்குமார் போனை வாங்கினார். "அம்மா, நான் கம்பெனியில இருந்து பேசறேன். அன்னிக்கு... உங்க பொண்ணு ஓடிப்போகல. ஊரு பாக்கத்தான் போயிருந்துச்சு. தப்பாச் சொல்லிட்டாங்க."

 முனிலட்சுமியின் குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது.

"இத என்கிட்ட என்னாத்துக்குய்யா சொல்ற? என் பொண்ணப் பத்தி எனக்குத் தெரியாதா? ஊருக்குத்தான தெரியாது. வண்டி ஏறி வா. நாகரசம்பட்டி பஸ் ஸ்டாண்டுல எறங்கி, மண்டி வாசல்ல நின்னு சொல்லு. எப்ப வர்ற? இன்னிக்கா, நாளைக்கா?"

அவர் போனை அவளிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கேளுங்க சார்," என்றாள். "அவங்க இன்னும் பேசி முடிக்கல."